வரிசை மாறினால் விடையும் மாறும்

மூன்றை நான்கால் பெருக்கினால் பன்னிரண்டு. நான்கை மூன்றால் பெருக்கினாலும் பன்னிரண்டுதான். எந்த எண்ணை முன்னால் எழுதினாலும், எதைப் பின்னால் எழுதினாலும் விடை மாறுவதில்லை. தொடக்கப்பள்ளியிலேயே மாணவர்கள் கற்றுக்கொள்ளும் இந்த விதிக்குப் பரிமாற்று விதி என்று பெயர். வாய்பாட்டை மனனம் செய்யும் சிறுவர் முதல் பல்கலைக்கழகப் பேராசிரியர் வரை எவரும் இதன்மீது ஐயம் கொண்டதில்லை. பெருக்கல் என்றாலே அது இப்படித்தான் இருக்க வேண்டும் என்று கணித உலகம் பல நூற்றாண்டுகளாக நம்பியிருந்தது.

ஆனால், அன்றாட வாழ்வில் எல்லாச் செயல்களும் இப்படி அமைவதில்லை. தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு குளிப்பதும், குளித்துவிட்டு எண்ணெய் தேய்த்துக்கொள்வதும் ஒன்றாகா. அரிசியைக் கழுவிவிட்டு வேக வைப்பதும், வேக வைத்துவிட்டுக் கழுவுவதும் ஒன்றாகா. செயல்கள் அதே இரண்டுதான். வரிசை மாறியதும் விளைவு மாறிவிடுகிறது. கணிதத்திலும் அப்படிப்பட்ட ஒரு பெருக்கல் இருக்க முடியும் என்று காட்டியவர் அயர்லாந்தைச் சேர்ந்த கணித மேதை வில்லியம் ரோவன் ஹாமில்டன். அதைக் கண்டறிவதற்காக, அனைவரும் உறுதி என எண்ணியிருந்த ஒரு விதியையே அவர் கைவிட வேண்டியிருந்தது.

ஹாமில்டன் 1805ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் டப்ளின் நகரில் பிறந்தார். அவருடைய தந்தை ஆர்ச்சிபால்ட் ஹாமில்டன் ஒரு வழக்கறிஞர். மகனின் அறிவுக்கூர்மையைக் கண்ட பெற்றோர், அவரை ஏறத்தாழ மூன்று வயதிலேயே டிரிம் என்னும் சிற்றூருக்கு அனுப்பினர். அங்குத் தந்தையின் சகோதரரான ஜேம்ஸ் ஹாமில்டன் கிறிஸ்துவப் போதகராக இருந்ததோடு ஒரு பள்ளியையும் நடத்தி வந்தார். பல மொழிகளில் புலமை பெற்றிருந்த அவரே சிறுவனுக்கு ஆசானாக அமைந்தார். ஐந்து வயதிலேயே இலத்தீன், கிரேக்கம், எபிரேயம் ஆகிய மொழிகளைப் பயிலத் தொடங்கிய ஹாமில்டன், பின்னர் அரபு, பாரசீகம், சமஸ்கிருதம் ஆகியவற்றையும் கற்றார். பதினைந்து வயது நிரம்புவதற்குள் தாய், தந்தை இருவரையும் இழந்தபோதும் அவருடைய கல்வி தடைபடவில்லை.

மொழிகளில் மூழ்கியிருந்த சிறுவனைக் கணிதத்தின் பக்கம் திருப்பியதில் ஒரு தோல்விக்கும் பங்கு உண்டு. அக்காலத்தில் செரா கோல்பர்ன் என்ற அமெரிக்கச் சிறுவன், மிகப் பெரிய எண்களையும் மனத்திலேயே பெருக்கி விடை சொல்லும் திறத்தால் புகழ்பெற்றிருந்தான். அவன் டப்ளினுக்கு வந்தபோது, ஏறத்தாழ ஒத்த வயதுடைய ஹாமில்டனை அவனோடு போட்டியிடச் செய்தனர். போட்டியில் ஹாமில்டன் தோற்றார். ஆயினும், எண்களின் உலகில் தமக்குத் தெரியாத வழிகள் இருக்கின்றன என்பதை அவர் உணர்ந்துகொண்டார். அதன்பிறகு கணித நூல்களைத் தேடித் தேடிப் படிக்கலானார்.

பிரெஞ்சு அறிஞர் லாப்லாஸ் வானியல் பற்றி எழுதிய பெருநூலைப் படித்தபோது, அதிலிருந்த ஒரு நிறுவலில் குறை இருப்பதைப் பதின்ம வயதிலேயே ஹாமில்டன் கண்டுபிடித்தார். ஐரோப்பா முழுவதும் மதித்த ஒரு நூலில், பள்ளிப் பருவத்தைத் தாண்டாத ஓர் இளைஞர் குறை கண்டார் என்ற செய்தி, அயர்லாந்தின் அரச வானியலாளரான ஜான் பிரிங்க்லியின் கவனத்தை ஈர்த்தது. அச்சில் வந்துவிட்டது என்பதற்காகவோ, பெரியவர் எழுதினார் என்பதற்காகவோ எதையும் சோதிக்காமல் ஏற்காத பண்பு ஹாமில்டனிடம் அப்போதே வேரூன்றியிருந்தது.

1823ஆம் ஆண்டு அவர் டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் சேர்ந்தார். நான்கு ஆண்டுகளில், பட்டம் பெறுவதற்கு முன்பே, அக்கல்லூரியின் வானியல் பேராசிரியராகவும் அயர்லாந்தின் அரச வானியலாளராகவும் நியமிக்கப்பட்டார். டப்ளினுக்கு வெளியே குன்றின்மேல் அமைந்த டன்சிங்க் வானாய்வகமே அதன்பிறகு அவருடைய இல்லமாயிற்று. இறுதிவரை, 38 ஆண்டுகள், அவர் அங்கேயே வாழ்ந்தார்.

1832ஆம் ஆண்டு, ஒருவகைப் படிகத்தில் குறிப்பிட்ட திசையில் நுழையும் ஒளிக்கதிர், கூம்பு வடிவில் விரிந்து பரவும் என்று கணக்கின் துணைகொண்டே அவர் முன்னறிவித்தார். அதுவரை அத்தகைய காட்சியை எவரும் கண்டதில்லை. அவருடன் பணியாற்றிய ஹம்ஃப்ரி லாயிட் சோதனை செய்து பார்த்தபோது, ஒளி அவ்வாறே விரிந்தது. இதனால் ஹாமில்டனின் புகழ் நாடுகள்தோறும் பரவியது. 1835ஆம் ஆண்டு அவருக்குச் 'சர்' பட்டம் வழங்கப்பட்டது. 1837ஆம் ஆண்டு அயர்லாந்து அரச கழகத்தின் தலைவராகவும் அவர் பொறுப்பேற்றார். ஆனால், அவருடைய மனத்தை ஆண்டுக்கணக்கில் ஆட்டிப்படைத்த சிக்கல் வேறொன்று.

அச்சிக்கலைப் புரிந்துகொள்ள ஓர் எண்கோட்டை எண்ணிப் பார்க்கலாம். ஓர் எண்ணை −1ஆல் பெருக்கினால், அது பூச்சியத்தின் மறுபக்கத்துக்குச் சென்றுவிடும். 5 என்பது −5 ஆகும். இதை அரைச்சுற்று, அதாவது 180 பாகை திரும்புதல் என்று கொள்ளலாம். அப்படியானால் கால்சுற்று, அதாவது 90 பாகை திரும்புவதைக் குறிக்கும் எண் எது? அந்த எண்ணைக் கணித அறிஞர்கள் 'ஐ' என்னும் குறியீட்டால் வழங்கினர். கால்சுற்றை இருமுறை செய்தால் அரைச்சுற்று ஆகிவிடும். எனவே, ஐ × ஐ = −1. சாதாரண எண்களோடு இந்தக் குறியீட்டையும் சேர்த்து அமைந்தவை கலப்பெண்கள். தாளின் மேல் ஒரு புள்ளி இருக்கும் இடத்தைக் காட்டவும், அதைச் சுழற்றவும், நீட்டவும் இரண்டு எண்கள் கொண்ட ஒரு கலப்பெண் போதும். கலப்பெண் என்பது உண்மையில் ஓர் எண்ணிணையே என்று 1830களில் தெளிவாக விளக்கியவரும் ஹாமில்டன்தான்.

தாளின்மேல் சுழலும்போது வரிசை ஒரு பொருட்டன்று. ஒரு கோட்டை முதலில் 30 பாகையும் பின்னர் 40 பாகையும் திருப்பினால், மொத்தம் 70 பாகை. முதலில் 40, பின்னர் 30 என்று திருப்பினாலும் அதே 70 பாகைதான். ஆகவே, கலப்பெண்களின் பெருக்கலும் பழைய பரிமாற்று விதிக்கு அடங்கியே நடந்தது.

எனினும், மனிதர் வாழும் உலகம் தாளைப் போலத் தட்டையானதன்று. அதற்கு நீளம், அகலம், உயரம் என மூன்று அளவுகள் உண்டு. தாளுக்கு இரண்டு எண்கள் போதுமென்றால், வெளிக்கு மூன்று எண்கள் போதும் அல்லவா? இப்படி எண்ணிய ஹாமில்டன், மூன்று எண்கள் கொண்ட தொகுதிகளை உருவாக்கினார். கூட்டல் எளிதாக வந்தது, கழித்தலும் வந்தது. பெருக்கல் மட்டும் கைகூடவில்லை. பத்து ஆண்டுகளுக்கும் மேலாக அவர் முயன்றார். 1843ஆம் ஆண்டு அக்டோபர் மாதத் தொடக்கத்தில் அவருடைய சிந்தனை முழுவதும் இதிலேயே நிலைத்திருந்தது. நாள்தோறும் காலை உணவுக்கு அவர் வரும்போது, சிறுவர்களாக இருந்த அவருடைய மகன்கள் இருவரும் மூன்றெண் தொகுதிகளைப் பெருக்க வழி கிடைத்துவிட்டதா என்று கேட்பார்கள். அவர் வருத்தத்தோடு தலையை அசைத்து, கூட்டவும் கழிக்கவும் மட்டுமே தம்மால் முடிகிறது என்பார்.

தடை எங்கே இருந்தது? புதிய திசைக்காக அவர் 'ஜே' என்னும் இன்னொரு குறியீட்டைச் சேர்த்திருந்தார். ஐ போலவே ஜேயையும் அதனாலேயே பெருக்கினால் −1 கிடைக்கும் என்று வைத்துக்கொண்டார். மேலும், இரு கோடுகளைப் பெருக்கும்போது அவற்றின் நீளங்களும் பெருகி வர வேண்டும் என்பது அவர் விட்டுக்கொடுக்க விரும்பாத நிபந்தனை. கலப்பெண்கள் அந்த நிபந்தனையை நிறைவேற்றின. புதிய எண்களும் நிறைவேற்ற வேண்டும் என அவர் விரும்பினார்.

இப்போது ஐயின் பக்கம் ஓர் அலகும் ஜேயின் பக்கம் ஓர் அலகும் செல்லும் கோட்டை (ஐ + ஜே) என்று எழுதலாம். பைதகோரஸ் தேற்றத்தின்படி அதன் நீளத்தின் வர்க்கம் 2. எனவே, அக்கோட்டை அதனாலேயே பெருக்கினால் வரும் விடையின் நீளம் 2 ஆக இருக்க வேண்டும். பெருக்கலை விரித்தால் நான்கு உறுப்புகள் கிடைக்கும். அவை ஐ × ஐ, ஐ × ஜே, ஜே × ஐ, ஜே × ஜே என்பன. முதல் உறுப்பும் கடைசி உறுப்பும் சேர்ந்து −2 ஆகின்றன. அதன் நீளம் சரியாக 2. அப்படியானால் நடுவில் இருக்கும் இரண்டு உறுப்புகள் மறைந்தாக வேண்டும். ஆனால், பரிமாற்று விதியின்படி அவை இரண்டும் ஒன்றே. ஒன்றோடு ஒன்று சேர்ந்து இருமடங்காகுமே தவிர, அவை மறைவதற்கு வழியில்லை.

இன்றும் மாணவர்கள் இரண்டு உறுப்புகளின் கூட்டுத்தொகையை வர்க்கப்படுத்தும்போது, நடுவில் வரும் இரண்டு பெருக்கல்களையும் தயங்காமல் ஒன்றாகச் சேர்த்து எழுதிவிடுகிறார்கள். அந்த ஒரு வரியில் பரிமாற்று விதி ஓசையின்றி நுழைந்துவிடுகிறது. ஹாமில்டன் அந்த வரியில்தான் நின்றார். ஐ × ஜே என்பதைப் பூச்சியம் என்று வைத்துக்கொண்டால் சிக்கல் தீருமா என்று முதலில் பார்த்தார். பூச்சியமல்லாத இரண்டைப் பெருக்கிப் பூச்சியம் பெறுவது அவருக்கு இயல்பாகத் தோன்றவில்லை. பிறகு, ஐ × ஜே என்பதும் ஜே × ஐ என்பதும் ஒன்றாக இருக்கத்தான் வேண்டுமா என்று வினவினார். ஒன்று மற்றொன்றுக்கு நேரெதிராக இருந்தால், இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், நீளமும் சரியாகிவிடும். அதற்குக் கொடுக்க வேண்டிய விலை, பரிமாற்று விதி.

அவ்விலையைக் கொடுக்க அவர் முன்வந்த பிறகும் ஒரு கேள்வி எஞ்சியிருந்தது. ஐயையும் ஜேயையும் பெருக்கினால் கிடைக்கும் பொருள் எது? மூன்று எண்களுக்குள் அதற்கு இடம் தேடித் தேடி அவர் களைத்துப்போனார்.

1843ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள், திங்கட்கிழமை. அயர்லாந்து அரச கழகத்தின் ஆட்சிக்குழுக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்பதற்காக ஹாமில்டன் தம் மனைவியுடன் அரச கால்வாயின் கரையோரமாக நடந்து சென்றுகொண்டிருந்தார். மனைவி அவ்வப்போது பேசிக்கொண்டு வந்தார். ஹாமில்டனின் உள்ளத்திலோ இன்னொரு சிந்தனை ஓடிக்கொண்டிருந்தது. புரூம் பாலத்தை நெருங்கியபோது விடை பளிச்சென்று புலப்பட்டது. தேவைப்படுவன மூன்று எண்கள் அல்ல, நான்கு! ஐயையும் ஜேயையும் பெருக்கினால் வருவது, அதுவரை இல்லாத ஒரு புதிய திசை. அதற்குக் 'கே' என்று பெயரிட்டால் எல்லாம் பொருந்திவிடுகின்றன. அந்த மகிழ்ச்சியில், கையிலிருந்த கத்தியால் பாலத்தின் கல்லிலேயே அவர் அந்தச் சூத்திரத்தைச் செதுக்கினார்.

ஐ² = ஜே² = கே² = ஐ × ஜே × கே = −1

இந்த ஒரு வரிக்குள் எல்லா விதிகளும் அடங்கியிருந்தன. ஐ × ஜே என்றால் கே. ஜே × ஐ என்றாலோ −கே. ஜே × கே என்றால் ஐ. கே × ஜே என்றாலோ −ஐ. கே × ஐ என்றால் ஜே; ஐ × கே என்றாலோ −ஜே. ஒவ்வொரு முறையும் வரிசையை மாற்றினால் விடையின் குறி மாறிவிடும். நான்கு எண்கள் சேர்ந்து அமைந்ததால், நான்கின் தொகுதி எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லைத் தழுவி இவற்றுக்குக் குவாட்டர்னியன் என்று ஹாமில்டன் பெயரிட்டார். மறுநாளே தம் நண்பர் ஜான் கிரேவ்ஸுக்கு அவர் விரிவான கடிதம் எழுதினார். அடுத்த மாதம் 13ஆம் நாள் அயர்லாந்து அரச கழகத்தில் தம் கண்டுபிடிப்பை முன்வைத்தார்.

வரிசை மாறினால் விடை மாறுவது இந்த எண்களின் குறையா? இல்லை. வெளியில் சுழலும் பொருள்களின் இயல்பே அதுதான். இதை ஒரு புத்தகத்தைக் கொண்டே சோதித்துப் பார்க்கலாம். புத்தகத்தை முன்னட்டை மேலே தெரியுமாறு, படிப்பதற்கு வைப்பதுபோல் மேசைமீது வைக்க வேண்டும். செய்ய வேண்டிய செயல்கள் இரண்டு. ஒன்று, மேலிருந்து பார்க்கும்போது கடிகார முள் சுற்றும் திசையில் புத்தகத்தைக் கால்சுற்றுத் திருப்புவது. மற்றொன்று, அப்போது தொலைவில் உள்ள விளிம்பைத் தூக்கி, புத்தகத்தின் அட்டை பார்ப்பவரை நோக்குமாறு நிமிர்த்துவது.

முதலில் திருப்பிவிட்டுப் பிறகு நிமிர்த்தினால், அட்டை பார்ப்பவரை நோக்கி இருக்கும். ஆனால் புத்தகம் பக்கவாட்டில் சாய்ந்து, தைத்த முதுகுப்பகுதி மேலே தெரியும். மறுபடியும் புத்தகத்தைப் பழைய நிலையில் வைத்து, முதலில் நிமிர்த்திவிட்டுப் பிறகு திருப்பினால், புத்தகம் நேராக நிற்கும்; ஆனால் அட்டை இடப்பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும். அதே புத்தகம், அதே இரண்டு செயல்கள், முடிவோ வேறு. தட்டையான தாளில் தலைகாட்டாத இந்த வேறுபாடு, வெளிக்கு வந்ததும் வெளிப்பட்டுவிடுகிறது. இத்தகைய சுழற்சிகளை எண்களால் எழுத விரும்பினால், அந்த எண்களும் வரிசையை மதித்தே ஆக வேண்டும். பரிமாற்று விதியைப் பிடித்துக்கொண்டிருந்தவரை ஹாமில்டனுக்கு வழி திறக்காததன் காரணம் இதுவே.

ஹாமில்டன் தம் எண்களை வெறும் அளவுகளாகப் பார்க்கவில்லை. ஒரு கோட்டை நீட்டியும் திருப்பியும் இன்னொரு கோடாக மாற்றும் செயல்களாகவே பார்த்தார். அப்படிப் பார்க்கும்போது பெருக்குதல் என்பது ஒரு செயலைச் செய்த பின் இன்னொரு செயலைச் செய்வதாகிவிடுகிறது. கணிதத்தில் சார்பு எனப்படுவதும் இத்தகையதே. சார்பு என்பது, ஓர் எண்ணைக் கொடுத்தால் குறிப்பிட்ட விதிப்படி அதை மாற்றி இன்னோர் எண்ணாகத் தரும் கருவியைப் போன்றது.

எடுத்துக்காட்டாக, 'ச' என்னும் சார்பு எந்த எண்ணையும் இருமடங்காக்கும் என்றும், 'த' என்னும் சார்பு எந்த எண்ணோடும் 3 கூட்டும் என்றும் கொள்ளலாம். 5 என்ற எண்ணை முதலில் இருமடங்காக்கினால் 10. பிறகு 3 கூட்டினால் 13. அதே எண்ணோடு முதலில் 3 கூட்டினால் 8. பிறகு இருமடங்காக்கினால் 16. முதலாவதை த(ச(5)) என்றும் இரண்டாவதை ச(த(5)) என்றும் எழுதுவர். அடைப்புக்குறிக்குள் எண்ணுக்கு அருகில் இருக்கும் சார்பே முதலில் செயல்படும். இடமிருந்து வலமாகப் படிக்கும் பழக்கத்தால், முதலில் எழுதியதே முதலில் நடக்கும் என்று எண்ணிவிடுவது மாணவர்கள் பலர் செய்யும் தவறு.

ஒரு செயலைத் தலைகீழாகத் திருப்பிப் பழைய எண்ணை மீட்கும்போதும் வரிசையைக் கவனிக்க வேண்டும். 16இலிருந்து மீண்டும் 5க்குத் திரும்ப, கடைசியாகச் செய்த இருமடங்கை முதலில் நீக்கிப் பாதியாக்க வேண்டும், 8 கிடைக்கும். அதன்பின் 3 கழித்தால் 5 வரும். முதலில் 3 கழித்துவிட்டுப் பின்னர்ப் பாதியாக்கினால் 6.5 வரும், அது தவறு. காலுறைக்கு மேல் காலணியை அணிந்தவர், கழற்றும்போது காலணியைத்தானே முதலில் கழற்ற வேண்டும்!

அதற்காக எல்லாச் சார்புகளிலும் வரிசை விடையை மாற்றும் என்பதில்லை. 3 கூட்டிவிட்டு 7 கூட்டினாலும், 7 கூட்டிவிட்டு 3 கூட்டினாலும் ஒன்றே. இருமடங்காக்கிப் பின் மும்மடங்காக்கினாலும், வரிசையை மாற்றிச் செய்தாலும் ஒன்றே. எங்கே வரிசையை மாற்றலாம், எங்கே மாற்றக்கூடாது என்பதைச் சோதித்தறிவதே முக்கியம். பரிமாற்று விதி பொய்யன்று. அது எல்லா இடங்களிலும் செல்லும் விதியன்று என்பதையே ஹாமில்டன் காட்டினார்.

இக்கண்டுபிடிப்புக்குப் பின் ஹாமில்டன் 22 ஆண்டுகள் வாழ்ந்தார். அக்காலத்தின் பெரும்பகுதியைக் குவாட்டர்னியன்களை வளர்ப்பதற்கே செலவிட்டார். 1853ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட நூல் 700 பக்கங்களைத் தாண்டியது. அதைப் படித்து முடிக்கக் கற்றறிந்தவர்களே சிரமப்பட்டனர். இருந்தும் அவர் சோர்ந்துவிடாமல் இன்னொரு பெருநூலை எழுதத் தொடங்கினார். அதை எழுதிக்கொண்டிருந்த நிலையிலேயே 1865ஆம் ஆண்டு செப்டம்பர் 2ஆம் நாள் காலமானார். அந்நூலை அவருடைய மூத்த மகன் வில்லியம் எட்வின் அடுத்த ஆண்டு பதிப்பித்து வெளியிட்டார். காலை உணவின்போது தந்தையிடம் கேள்வி கேட்ட சிறுவர்களில் அவரும் ஒருவர்.

ஹாமில்டன் திறந்த கதவின் வழியே மற்றவர்களும் நுழைந்தனர். 1858ஆம் ஆண்டு ஆங்கிலேயக் கணித அறிஞர் ஆர்தர் கேலி, எண்களை நிரைகளாகவும் நிரல்களாகவும் அடுக்கி அமைக்கும் அணிகளைப் பற்றி விரிவாக எழுதினார். அணிகளைப் பெருக்கும்போதும் வரிசை மாறினால் விடை பெரும்பாலும் மாறும். 1925ஆம் ஆண்டு ஜெர்மானிய இயற்பியலாளர் வெர்னர் ஹைசன்பர்க், அணுவுக்குள் நடப்பதை ஆராய்ந்தபோது, வரிசை மாறினால் பெருக்கல் மாறும் அளவுகளைச் சந்தித்தார். அவை அணிகளே என்பதை மேக்ஸ் போர்ன் அடையாளம் கண்டார். பெருக்கலில் வரிசைக்கு இடமுண்டு என்று முன்பே கற்றிருந்த கணிதம், புதிய இயற்பியலுக்குக் கைகொடுத்தது.

இதற்கிடையில் குவாட்டர்னியன்களுக்குச் சோதனைக் காலமும் வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அறிவியலாளர்கள் பலர், பயன்படுத்த எளிதான திசையன் முறைக்கு மாறினர். ஹாமில்டனின் நான்கெண் முறை மெல்ல மெல்லப் பாடநூல்களிலிருந்து மறைந்தது. அவர் இறுதி ஆண்டுகளை வீணாக்கிவிட்டார் என்று கருதியவர்களும் இருந்தனர்.

கணினிக் காலம் அந்தக் கருத்தை மாற்றியது. ஒரு சுழற்சியை அணியால் எழுத ஒன்பது எண்கள் வேண்டும். குவாட்டர்னியனால் எழுத நான்கே போதும். ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்குத் தடங்கலின்றிச் சீராகத் திருப்பவும் அது உதவுகிறது. 1985ஆம் ஆண்டு கென் ஷூமேக் என்பவர் கணினி வரைகலையில் இதன் பயனை எடுத்துக்காட்டினார். இன்று கணினி விளையாட்டுகளில் பாத்திரங்கள் தலையைத் திருப்பும்போதும், அசைவூட்டப் படங்களில் காட்சி சுழலும்போதும், விண்கலங்கள் தம் திசையை மாற்றிக்கொள்ளும்போதும் ஹாமில்டனின் எண்கள் பயன்படுகின்றன. அங்கெல்லாம் வரிசையை மாற்றிப் பெருக்கிவிட்டால், பாத்திரத்தின் முகம் வேறு பக்கம் திரும்பிவிடும். விண்கலம் வேறு திசையை நோக்கிவிடும்.

ஹாமில்டன் கல்லில் செதுக்கிய எழுத்துகள் காலப்போக்கில் அழிந்துவிட்டன. 1958ஆம் ஆண்டு, கணித ஆசிரியராகவும் பணியாற்றிய அயர்லாந்துப் பிரதமர் ஏமன் டி வலேரா, அப்பாலத்தில் ஒரு நினைவுப்பலகையைத் திறந்து வைத்தார். ஆண்டுதோறும் அக்டோபர் 16ஆம் நாள் கணித ஆர்வலர்கள் டன்சிங்கிலிருந்து அந்தப் பாலம் வரை நடந்து சென்று அவரை நினைவுகூர்கின்றனர்.

பத்து ஆண்டுகளுக்கும் மேலாக ஹாமில்டனைத் தடுத்து நிறுத்தியது கணக்கின் கடுமை மட்டுமன்று. எல்லாருக்கும் தெரிந்த எளிய விதி ஒன்று எல்லா இடங்களிலும் பொருந்தும் என்ற நம்பிக்கையும்தான். அந்த விதியை அவர் மனம்போன போக்கில் தூக்கியெறியவில்லை. நீளங்கள் சரியாக வர வேண்டும் என்ற தேவையை இறுகப் பற்றிக்கொண்டு, அதற்கு எது இடையூறாக இருக்கிறது என்று ஒவ்வொரு வரியாகச் சோதித்த பின்னரே அதைக் கைவிட்டார். இரண்டு சார்புகளை இணைக்கும் மாணவர் எது முதலில், எது பின்னர் என்று ஒரு கணம் நின்று பார்க்கும்போது, ஹாமில்டன் நின்று பார்த்த அதே வரியில்தான் அவரும் நிற்கிறார்.